கப்பலேறிப் போன பூட்டன் அங்க எப்படி வாழ்ந்தார்னு தேடுறது எப்படி

எங்க அப்பத்தாவோட அப்பா மலேயாவுக்குப் போனவர், எனக்குப் பூட்டன் முறை. வீட்டுல அவரப் பத்தி இருந்தது மொத்தமே மூணு வரிதான், கப்பல்ல போனாரு, ஒருக்கா வந்துட்டுப் போனாரு, ஜப்பான்காரன் சண்டைக்கு அப்புறம் கடுதாசி வரல. சின்னதுல இருந்து இத கேட்டே வளர்ந்தேன், ஆனா அவர் அங்க காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சார், என்ன சம்பளம் வாங்கினார், யார் கூட தங்கினார், காய்ச்சல்னு படுத்தா கஞ்சி வெச்சுக் குடுக்க யாராச்சும் இருந்தாங்களா, இதெல்லாம் யாருக்கும் தெரியல. அஞ்சாறு வருஷமா நான் தேடினதுலயும், இலங்கை, நேட்டால் (தென்னாப்பிரிக்கா), பிஜின்னு போன தாத்தாக்களத் தேடுற ஃப்ரெண்ட்ஸ் கூட சேர்ந்து தேடினதுலயும் தெரிஞ்சுக்கிட்டத இங்க எழுதி வெக்கறேன், உங்க வீட்டுலயும் இப்படி மூணு வரி கதை ஒண்ணு இருந்தா உதவும்.

ஆரம்பிக்கும்போதே ஒண்ணு சொல்லிடறேன். நிறைய பேர் பேரையும் தேதியையும் மட்டும் தேடுறாங்க, கிடைச்சதும் வம்சாவளில ஒரு கட்டத்துல எழுதிட்டு நிறுத்திடறாங்க. எனக்கு அது பத்தல. நான் தேடினது அவரோட ஒரே ஒரு நாள், விடியறதுல இருந்து படுக்கற வரைக்கும் ஒரு சாதாரண நாள். அப்படித் தேட ஆரம்பிச்சா பேரே இல்லாத பேப்பர் கூட உதவ ஆரம்பிக்கும், ஏன்னா அவர் பேர் எந்த ரெக்கார்டுலயும் இல்லன்னாலும் அவர் கூட வேலை பாத்த ஆயிரக்கணக்கான பேரோட சம்பளமும் சாப்பாடும் வியாதியும் எங்கயோ எழுதி வெச்சிருக்காங்க.

முதல் வேலை வீட்டுல இருக்கற வயசானவங்க கிட்ட உக்கார்றது. ஆர்க்கைவ்ஸ் எல்லாம் அப்புறம், அது எங்கயும் போகாது, எங்க அப்பத்தாவுக்கு இப்ப 90 வயசு, அதனால சொல்றேன். போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு (கேட்டுட்டுப் போடுங்க) பேச விடுங்க. "எந்த வருஷம் போனாரு?"ன்னு கேட்டா "அதெல்லாம் எனக்கென்னப்பா தெரியும்"னு முடிஞ்சுரும். "அப்ப பெரிய அத்தைக்குக் கல்யாணம் ஆயிருச்சா, நம்ம கிணறு வெட்டியாச்சா, யாரு போய் வண்டி ஏத்திவிட்டா"ன்னு கேளுங்க, பதில் தானா வரும். ஒரே நாள்ல முடிக்காதீங்க, ஒரு வாரம் விட்டு மறுபடி போங்க, மொத தடவ கிளறிவிட்டது ரெண்டாவது தடவதான் மேல வரும். ஆம்பளைங்கள விட அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பொம்பளைங்களுக்கு அதிகம் தெரியும், மாமியார் அடுப்படில சொல்லிச் சொல்லி அழுததெல்லாம் அவங்க காதுலதான் விழுந்திருக்கு. ஒப்பாரி பாடத் தெரிஞ்ச கிழவி யாராச்சும் இருந்தா பாடச் சொல்லிக் கேளுங்க, பேச்சுல வராத ஊர்ப்பேரு பாட்டுல வரும்.

அவங்க பேசும்போது வார்த்தைய கவனிங்க, இத யாரும் எனக்குச் சொல்லித் தரல, நானா கண்டுபிடிச்சது. கிராமத்துல "சிங்கப்பூர் போனாரு"ன்னு சொன்னா அது மலேயாவுல எந்த மூலையா வேணா இருக்கலாம், ஊர்ப்பேர நம்பி உக்காந்துராதீங்க. ஆனா அவர் திரும்பி வந்து பேசுன பேச்சுல ஒட்டிக்கிட்டு வந்த வார்த்தை பொய் சொல்லாது. கொழுந்து (தேயிலைத் துளிர்), கவ்வாத்து (செடிய வெட்டி விடறது), அரைப்பேர், கண்டிச்சீமை இதுல ரெண்டு மூணு காதுல விழுந்தா அது இலங்கை தேயிலைத் தோட்டம். காசை "வெள்ளி"ன்னு சொல்றது, ரப்பரை "கித்தா"ன்னு சொல்றது, "பால்மரம் வெட்டுறது", "கிராணி" (தோட்டத்துக் கிளார்க்) இதெல்லாம் மலேயா. "கிர்மிட்"னு யாராச்சும் சொன்னா அது அக்ரிமெண்ட்ங்கற வார்த்தை மருவினது, அஞ்சு வருஷ ஒப்பந்தக் கூலியா கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்க வாயில புழங்கினது, பிஜி பக்கம் ரொம்ப. வீட்டுல பரம்பரையா அத்தோ, மொய்ங்கா செய்யத் தெரிஞ்சிருந்தா பர்மாவ யோசிங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அவங்க தாத்தா மலேயான்னே ரெண்டு வருஷம் தேடினான், கடைசில அவங்க பெரியம்மா பேச்சுவாக்குல "அன்னைக்கு அவருக்கு அரைப்பேருதான் போட்டானாம்"னு சொன்னாங்க, அரைப்பேருன்னா அரைநாள் கூலி, அது இலங்கைத் தோட்டத்து ஆளுங்க பேச்சு, இலங்கைப் பக்கம் திரும்பித் தேடினான், பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்துல தடம் கிடைச்சுது.

வருஷம் பிடிக்கறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஊருக்கே தெரிஞ்ச சம்பவம்: தாது வருஷப் பஞ்சம்னா 1876ல இருந்து 78, எம்டன் குண்டு போட்டதுன்னா 1914 செப்டம்பர், ரங்கூன்ல குண்டு விழுந்து நடந்தே வந்தோம்னா 1941 டிசம்பருக்கு அப்புறம் 1942 முழுக்க, தனுஷ்கோடி புயல்னா 1964 டிசம்பர். இன்னொண்ணு தமிழ் வருஷப் பேரு. பழைய கடுதாசிலயும் பத்திரத்துலயும் இங்கிலீஷ் வருஷம் இல்லாம பேரு மட்டும் இருக்கும், அது 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும், பிரபவன்னா 1867 இல்ல 1927 இல்ல 1987, அதுல இருந்து எண்ணிக்கிட்டே போனா உங்க வருஷம் வந்துரும், 60 வருஷ இடைவெளிங்கறதால எந்தத் தலைமுறைன்னு தெரிஞ்சாலே எது சரின்னு முடிவு பண்ணிடலாம். சித்திரைல வருஷம் மாறுது, அதனால தை மாசி பங்குனின்னு போட்டிருந்தா இங்கிலீஷ் வருஷத்துல ஒண்ணு கூட்டிக்கோங்க.

அடுத்து வீட்டுல இருக்கற சாமான். பெட்டி, பரண், சாமி ரூம் எல்லாம் ஒருக்கா இறக்கிப் பாருங்க. கடுதாசி உறை, பாஸ்போர்ட், தடுப்பூசி சீட்டு, பேங்க் புத்தகம் எல்லாம் சரி, யாரும் பாக்காதது சிலது இருக்கு. பித்தளைப் பாத்திரத்து விளிம்புல புள்ளி புள்ளியா வெட்டின பேரு. இலங்கைக்குப் போனவங்கன்னா எழுத்தும் நம்பரும் அடிச்ச ஒரு தகரவில்லை, 1901ல இருந்து ஆளுங்கள தோட்டத்துக்கு அனுப்ப டின் டிக்கெட்னு ஒரு முறை வெச்சிருந்தாங்க, அந்த எழுத்தும் நம்பரும்தான் எந்தத் தோட்டம்ங்கறதுக்கான குறி, யாராச்சும் அத செல்லாக்காசுன்னு நெனச்சு உண்டியல்ல போட்டு வெச்சிருப்பாங்க. அப்புறம் நிலப் பத்திரம், இத கட்டாயம் பாருங்க, ஏன்னா வெளிநாட்டுக் காசுல வாங்கின நிலமோ, அவர் இல்லாதப்ப தம்பி வித்த நிலமோ இருந்தா மூலப்பத்திரத்துல "தற்போது பினாங்கில் இருக்கும்"னோ "கொழும்பில் வசிக்கும்"னோ எழுதி தேதியோட இருக்கும். பத்திரம் கையில இல்லன்னா சர்வே நம்பர் வெச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பாக்கலாம், பழைய காலத்துக்கு ஆன்லைன்ல வராது, மனு குடுத்து மேனுவலா தேடச் சொல்லணும். ஊர்க் கோயில் படிக்கட்டு, குத்துவிளக்கு, மணி இதுலயும் உபயம்னு பேரும் ஊரும் வெட்டியிருப்பாங்க, ஒரே தோட்டத்துக்குப் போன நாலு பேர் சேர்ந்து செஞ்சதா இருந்தா மத்த மூணு பேர் குடும்பத்தையும் போய்ப் பாருங்க, அவங்க வீட்டுப் பெட்டில உங்க தாத்தா இருப்பார்.

எங்க பெட்டில இருந்தது ஒரு போட்டோ. உள்ளங்கை அளவுதான், ஓரமெல்லாம் பழுப்பேறிப் போச்சு. ஒரு நாற்காலில உக்காந்திருக்கார், மேல கோட்டு, கீழ வேட்டி, கால்ல செருப்பு இல்ல. கோட்டு தோள்ல சரியா உக்காரல, கை நீளம் மணிக்கட்ட தாண்டி வருது. வலது கை முட்டி மேல விரிச்சு வெச்சிருக்கார், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மத்த விரல விடக் கறுத்துத் தெரியுது. பின்னாடி ஸ்டுடியோ ரப்பர் ஸ்டாம்ப், பாதி சீன எழுத்து, பாதி இங்கிலீஷ்ல ஈப்போன்னு மலேயா ஊர்ப்பேரு. அதுக்குக் கீழ பென்சில்ல "ஆத்தாளுக்கு. நான் சுகம். பிரஜோற்பத்தி ஆவணி 12". பென்சில் எழுத்து மங்கிப் போயிருந்துச்சு, போட்டோவ ஜன்னல் ஓரம் சாய்ச்சுப் பிடிச்சு பக்கவாட்டு வெளிச்சத்துல போன்ல எடுத்தப்பதான் படிக்க முடிஞ்சுது, நீங்களும் அப்படி எடுத்துப் பாருங்க. (பேனா வெச்சு மேல எழுதாதீங்க, டேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க. 600 டிபிஐல ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி வெச்சுட்டு ஒரிஜினல காகித உறைல போடுங்க.)

பிரஜோற்பத்தி ஆவணின்னா 1931 ஆகஸ்ட் கடைசி. இது ஒண்ணு தெரிஞ்சதும் நான் அந்த வருஷத்து மலேயாவப் படிக்க ஆரம்பிச்சேன். உலகம் பூரா மந்தம், ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருச்சு, தோட்டங்கள்ல ஆம்பளைக்கு நாளைக்கு 50 காசு, பொம்பளைக்கு 40 காசுன்னு இருந்த கூலிய 1930ல 40, 32னு குறைச்சாங்க, ஆயிரக்கணக்கான பேர கப்பலேத்தித் திருப்பி அனுப்பிட்டு இருந்தாங்க. அந்த வருஷம், அந்தக் கூலில, இந்த மனுஷன் டவுனுக்குப் போய் ஸ்டுடியோ கோட்டை வாங்கிப் போட்டுக்கிட்டு, போட்டோ எடுத்து, "நான் சுகம்"னு ஆத்தாளுக்கு அனுப்பியிருக்கார். ஊருக்குள்ள மலேயாவுல இருந்து ஆள் ஆளா திரும்பி வர்றத அந்தக் கிழவி பாத்துட்டு இருந்திருப்பா. இதுக்கு மேல எனக்கு ஒரு பேப்பர் வேணுமா என்ன, பேரும் தேதியும் சேர்ந்து சொல்லாதத அந்த ஒரு வரி சொல்லிருச்சு. அதனாலதான் சொல்றேன், ஒரு தேதி கிடைச்சா அத எழுதிட்டு நகராதீங்க, அந்த வருஷத்துல அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு போய் நில்லுங்க.

இப்ப ரெக்கார்டு பக்கம் வருவோம், நாட்டுக்கு நாடு இது ரொம்ப மாறும்.

நேட்டால் போனவங்க வாரிசுங்கதான் இதுல குடுத்து வெச்சவங்க. 1860 நவம்பர் 16ந் தேதி ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் போய்ச் சேந்ததுல இருந்து 1911 வரைக்கும் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேருக்கு மேல போயிருக்காங்க, மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலனி நம்பர், கப்பல் லிஸ்ட்ல ஒரு வரி. அந்த லிஸ்ட்ட டேட்டாபேஸா ஆக்கி டர்பன்ல இருக்கற க்வாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டி காந்தி-லுத்துலி டாக்குமெண்டேஷன் சென்டர் மூலமா எல்லாரும் பாக்கற மாதிரி வெச்சிருக்காங்க. அந்த வரில நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அடையாளக்குறி, எந்த முதலாளிகிட்ட அனுப்பினாங்கங்கற வரைக்கும் இருக்கும். அடையாளக்குறிய தாண்டிப் போயிராதீங்க, இடது முழங்கால் கீழ தழும்பு, நெத்தில மச்சம்னு ஒரு கிளார்க் அவசர அவசரமா எழுதினதுதான், ஆனா போட்டோவே இல்லாத மனுஷனோட உடம்புல உங்க கைக்கு எட்டுறது அது ஒண்ணுதான். வயச அப்படியே நம்பாதீங்க, 20, 25, 30ன்னு உருண்டையாவே இருக்கும், பாத்த உடனே குத்துமதிப்பா போட்டது. ஜாதியும் அப்படித்தான், டிப்போல (கப்பலேத்தறதுக்கு முன்னாடி ஆளுங்கள தங்க வெச்ச இடம்) மாத்திச் சொன்னவங்க உண்டு, ரெக்கார்டுல இருக்கறதுக்கும் வீட்டுல சொல்றதுக்கும் வித்தியாசம் வந்தா சண்டைக்குப் போகாம ரெண்டையும் எழுதி வெச்சுக்கோங்க. பொம்பளைங்க தனியா வந்த மாதிரி லிஸ்ட்ல இருந்தா அவசரப்பட்டு கதை கட்டாதீங்க, 100 ஆம்பளைக்கு 40 பொம்பளையாவது கப்பல்ல இருக்கணும்னு விதி இருந்துச்சு, விதவைங்க, வீட்ட விட்டு வெளியேறினவங்க, பஞ்சத்துல எல்லாத்தையும் இழந்தவங்கன்னு பல பேர் தனியாத்தான் வந்தாங்க, அங்கயே ஒரு துணை தேடிக்கிட்டாங்க.

மொரிஷியஸ்னா மோக்காங்கற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கு, 1834ல இருந்து வந்தவங்க பதிவு, 1860கள்ல இருந்து எடுத்த போட்டோவும் நிறைய பேருக்கு இருக்கு. பிஜிக்கு எமிக்ரேஷன் பாஸ்னு ஆளுக்கொரு சீட்டு சூவால இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல, ஆனா மெட்ராஸ்ல இருந்து அங்க ஆள் அனுப்பினது 1903ல இருந்துதான், அதுக்கு முன்னாடி கல்கத்தா. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போனவங்கன்னா பிரெஞ்சுக்காரங்க பிறப்பு, கல்யாணம், சாவு பதிவேட்ட ஒழுங்கா வெச்சிருந்தாங்க, எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ்ல இருக்கற அவங்க காலனி ஆவணக்காப்பகத்து வெப்சைட்ல பக்கம் பக்கமா பாக்கலாம், பாண்டிச்சேரி பதிவுகளும் அதுல இருக்கு. ஃபேமிலிசர்ச்ங்கற வம்சாவளி வெப்சைட்ல ஃப்ரீயா ஒரு அக்கவுண்ட் போட்டு வெச்சுக்கோங்க, எப்ப எது உதவும்னு சொல்ல முடியாது.

இலங்கையும் மலேயாவும் போனவங்களுக்கு இந்த மாதிரி ஆளுக்கொரு வரி போட்ட லிஸ்ட் கிடையாதுன்னே வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா என்ன மாதிரி ஒரு வருஷம் வீணாப் போயிரும். கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் குடுத்து, சொந்தக்காரங்களா கூட்டிட்டுப் போன முறை அது, கப்பல் கம்பெனிக்கு அவங்க ஒரு எண்ணிக்கை, அவ்ளோதான். அதனால இங்க கங்காணியத் தேடுங்க. உங்க ஊர்ல இருந்து யார் கங்காணியா இருந்தார்னு கேட்டா பக்கத்து ஊர்க்காரங்களுக்குக் கூட தெரிஞ்சிருக்கும், அவர் எந்தத் தோட்டமோ உங்க தாத்தா அந்தத் தோட்டம், பெரும்பாலும் தப்பாது. தோட்டம் தெரிஞ்சுட்டா அங்க செக்ரோல் (ஆளுங்க பேரும் கூலியும் எழுதின பதிவேடு), பிறப்புப் பதிவு, தோட்டப் பள்ளிக்கூட ரெஜிஸ்டர்னு கேக்கலாம். தோட்டத்துக்கு துரை வெச்ச பேரு ஒண்ணு, நம்ம சனங்க கூப்பிட்ட பேரு ஒண்ணு, மேப்ல தேடினா வராது, அந்த ஏரியாவுல இருக்கற தமிழ் ஆளுங்ககிட்டதான் கேக்கணும், ஃபேஸ்புக்ல தோட்டத்து ஆளுங்க குரூப் நிறைய இருக்கு, பொறுமையா பதில் சொல்லுவாங்க. மலேயாவுக்கு நாகப்பட்டினம், ஆவடி டிப்போ, இலங்கைக்கு மண்டபம், தட்டப்பாறை கேம்ப் வழியா போனாங்க, 1914ல பாம்பன் பாலம் வந்த அப்புறம் தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்க இருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதுக்கு முந்தின தலைமுறைன்னா மன்னார் பக்கம் இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே போயிருக்காங்க, காலராவுலயும் காய்ச்சல்லயும் வழியிலயே விழுந்தவங்க எத்தனையோ பேர். இலங்கைல இருந்து 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல திரும்பி வந்த குடும்பம்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், அந்தக் குடும்பத்துக்கு அப்பக் குடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை எல்லாத்துலயும் தோட்டம் பேரு, பிள்ளைங்க பேரு, வயசு இருக்கும், கூடலூர், கோத்தகிரி பக்கம் நிறைய வீட்டுல இன்னும் பத்திரமா வெச்சிருக்காங்க.

பேரு தேடும்போது இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க நம்பாதீங்க, வெள்ளைக்கார கிளார்க் காதுல விழுந்தத எழுதினது. முனுசாமி மூன்சாமி ஆயிருக்கும், கவுண்டர் கோவெண்டர், முதலியார் மூட்லி, வீரப்பிள்ளை பிரெஞ்சுத் தீவுல வீரபுல்லே. ழகரம் வர்ற பேருன்னா எல்லா விதமாவும் போட்டுப் பாக்கணும். நான் செய்யறது, பேரோட முதல் ரெண்டு ஓசைய மட்டும் போட்டுத் தேடுவேன், இல்லன்னா பேரையே விட்டுட்டு தாலுகாவ வெச்சு மொத்தமா எடுத்து அப்பா பேரோட ஒப்பிட்டுப் பாப்பேன், அப்பா பேரும் ஊரும் சேர்ந்து ஒத்து வந்தாதான் நம்பறது. பேரு மட்டும் ஒத்துப்போனா அது வேற முனுசாமி.

வெளிநாட்டுல பொறந்து இங்க ஊரத் தேடுறவங்களுக்கு இன்னொரு சிக்கல், ஜில்லா பேரெல்லாம் மாறிப்போச்சு. லிஸ்ட்ல வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகான்னு இருந்தா இன்னைக்கு அது திருவண்ணாமலை மாவட்டம். வட ஆற்காடுல 1911க்கு முன்னாடி சித்தூர் பக்கமும் சேந்திருந்துச்சு, அதனால ஊர் இப்ப ஆந்திராவுல இருக்கலாம். தென்னாற்காடு 1993ல கடலூர், விழுப்புரம்னு பிரிஞ்சுது, சேலத்துல இருந்து 1965ல தர்மபுரி பிரிஞ்சுது, தஞ்சாவூர்ல இருந்து நாகப்பட்டினமும் திருவாரூரும். தாலுகாவ பிடிச்சுக்கிட்டு ஊருக்கு இறங்குங்க. ஒரே பேருல நாலு ஊர் இருந்தா உங்க வீட்டுல எந்த சாமிய கும்பிடுறீங்கன்னு யோசிங்க, மாரியம்மன் எங்கயும் உண்டு, ஆனா உங்க பாட்டி மொட்டை போட்டதும் காது குத்தினதும் எந்த சாமி பேர சொல்லின்னு கேளுங்க, குலதெய்வம் பேரு ரொம்பத் தனியா இருக்கும், அந்த சாமிக்குக் கோயில் எங்க இருக்கோ அதச் சுத்தின பத்து இருபது கிராமத்துக்குள்ள உங்க ஊர் இருக்கும். தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்ல 1898ல பொறந்த பொண்ணு, காந்தியோட போராட்டத்துல ஜெயிலுக்குப் போய் 16 வயசுல 1914 பிப்ரவரில இறந்துபோனவ, தில்லையாடிய கண்ணால பாத்ததே இல்ல, ஆனாலும் தரங்கம்பாடி பக்கத்து அந்த ஊர்ப்பேரு அவ பேரோட இன்னைக்கும் இருக்கு. உங்க வீட்டுலயும் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்தா, பட்டப்பேரா, வீட்டுப்பேரா அப்படி ஒரு ஊர் ஒளிஞ்சிருக்கலாம், நல்லா பாருங்க.

தோட்டமும் வருஷமும் கையில வந்ததும் அந்த ஒரு நாள கட்டலாம். இந்தியா அரசோட ஏஜெண்ட்னு 1920கள்ல இருந்து கோலாலம்பூர்ல ஒருத்தரும் கண்டில ஒருத்தரும் இருந்தாங்க, வருஷா வருஷம் ரிப்போர்ட் போட்டிருக்காங்க, கூலி எவ்வளவு, அரிசி என்ன விலை, ஆளுங்க தங்கின லயம் (வரிசை வீடு) எப்படி, எத்தன குழந்தைங்க செத்துச்சு, எல்லாம். இந்தியா அரசு அனுப்பின ஸ்ரீனிவாச சாஸ்திரி 1936-37ல மலேயா தோட்டங்களச் சுத்திப் பாத்து எழுதின அறிக்கை இருக்கு. இதெல்லாம் சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், டெல்லில தேசிய ஆவணக் காப்பகம், அவங்க அபிலேக் படல் வெப்சைட் இங்கெல்லாம் தேடுங்க. தரமணில ரோஜா முத்தையா நூலகத்துல பழைய பத்திரிகைங்க இருக்கு, இலங்கை சம்பந்தப்பட்டதுக்கு "நூலகம்"ங்கற பேருல இருக்கற வெப்சைட், மலேயாவுக்கு சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரி ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கற பழைய பேப்பர்ங்க, தமிழ் முரசும் அதுல உண்டு. எங்க பூட்டன் நாள் இப்படித்தான் வந்துச்சு: பொழுது விடியறதுக்கு முன்னாடி இருட்டுல பெரட்டு, அதாவது ஆளுங்கள நிக்க வெச்சுப் பேரு கூப்பிடறது, பேரு கூப்பிட்டதும் கத்தியும் வாளியும் எடுத்துட்டு மரத்துக்குப் போகணும், ஏன்னா வெயில் ஏறினா பால் வடியறது நின்னுரும், பட்டைய சாய்வா மெல்லிசா சீவி அடுத்த மரம் அடுத்த மரம்னு ஓடணும், அப்புறம் திரும்பி முதல் மரத்துல இருந்து கோப்பைல சேந்த பாலை வாளில ஊத்திக்கிட்டே வரணும், ஸ்டோர்ல கொண்டுபோய் எடை போடணும். பால் கையில காய்ஞ்சு கறுத்து ஒட்டிக்கும், தேச்சாலும் போகாது. அப்பதான் எனக்கு அந்த போட்டோல ரெண்டு விரல் ஏன் கறுப்பா இருக்குன்னு புரிஞ்சுது.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், தேடும்போது அங்க இன்னொரு குடும்பம் இருந்தது தெரியவரலாம். நிறைய வீட்டுல வந்திருக்கு. பத்து வருஷம் பதினஞ்சு வருஷம் தனியா இருந்த மனுஷங்க. வீட்டுல வயசானவங்களுக்கு அது ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், அதனாலதான் சில கேள்விக்குப் பேச்ச மாத்துவாங்க, அங்க நிறுத்திக்கோங்க, நோண்டாதீங்க. தெரிஞ்சத எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்காம முதல்ல யாருக்கு வலிக்குமோ அவங்ககிட்ட தனியா உக்காந்து சொல்லுங்க. அங்க இருக்கற குடும்பத்துக்கு எழுதறப்பவும் மொதல்லயே சொத்து பத்தி எதுவும் வரல, உறவு தெரிஞ்சுக்கத்தான்னு தெளிவா எழுதுங்க, அவங்களும் பயப்படுவாங்க. உயிரோட இருக்கறவங்க பேரு, பிறந்த தேதி, அட்ரஸ் எதையும் குரூப்ல போடாதீங்க.

தேடல் ஒரு இடத்துல நின்னுரும். எங்களுக்கு 1942ல நின்னுச்சு. அவர் ஊருக்கு வந்தது 1934ல, அடுத்த வருஷம் கப்பலேறும்போது அப்பத்தா வயித்துல இருந்தாங்க, அவர பாத்ததே இல்ல. 1941 வரைக்கும் கடுதாசி வந்திருக்கு. அப்புறம் ஜப்பான்காரன் மலேயாவ பிடிச்சான், சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட தோட்டத்துத் தமிழ் ஆளுங்கள பல்லாயிரக்கணக்குல கூட்டிட்டுப் போனான், 1943 அக்டோபர்ல பாதை முடிஞ்சப்ப அதுல பல்லாயிரம் பேர் திரும்பல. வெள்ளைக்கார கைதிங்களுக்கு தாய்லாந்து (அப்ப சயாம்) காஞ்சனபுரில ஆளுக்கொரு கல்லு வெச்சு பேரு போட்டிருக்காங்க, நம்ம ஆளுங்களுக்கு அப்படிப் பேரு பேரா கிடையாது. அவர் அங்க போனாரா, தோட்டத்துலயே பசில போனாரா, சண்டைக்கு அப்புறமும் இருந்தாரா, என்கிட்ட பதில் இல்ல. இப்படி நின்னா இட்டுக்கட்டி நிரப்பாதீங்க. எதுவரைக்கும் தெரியும், எது யார் சொன்னது, எது உங்க ஊகம்னு மூணையும் பிரிச்சு எழுதி, தேதி போட்டு, ரெண்டு பேர்கிட்ட காப்பி குடுத்து வைங்க, நாளைக்கு அங்க இருந்து ஒரு பேப்பர் வந்தா எங்க பொருந்துதுன்னு அவங்களுக்குத் தெரியணும்.

இறந்த நாள் தெரியாதவங்களுக்கு எங்க பக்கம் மகாளய அமாவாசைக்குப் படைக்கிறது வழக்கம். இத்தன வருஷமா அப்பத்தா அவருக்குப் படைக்க விட்டதே இல்ல, செத்துட்டார்னு யாரு பாத்தான்னு கேப்பாங்க. போன புரட்டாசில போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன், பின்னாடி எழுதினதையும் படிச்சுக் காமிச்சேன். ரொம்ப நேரம் அந்த விரலையே தடவிப் பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் இன்னொரு இலை போடச் சொன்னாங்க.